தவிட்டுக்கு விற்ற மகள்

1

என் மகள் என் தங்கையோடு வாய்ச்சண்டை பிடித்தாள். அதைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விசர்க்கதை போலத் தோன்றும். பொறுத்துக் கேளுங்கள்.

நான் நோர்வேயின் மேற்குக் கரையில், மழை விடாத ஒரு நகரத்தில் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. ஒரே மகள் ஆரணி பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள். படிப்பின் ஒரு பகுதியாக ஆறு மாதம் வெளிநாட்டில் போய்ப் பயிற்சி எடுக்கலாம் என்றார்கள். கூடப் படிக்கும் பிள்ளைகள் ஸ்பெயின், ஆஸ்திரேலியா என்று பறக்க, இவள் யாழ்ப்பாணம் போகிறேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அரியாலையில் இருக்கும் தங்கை வதனிக்கு நானே போன் எடுத்து, "பிள்ளை உன்னோடைதான் நிக்கப்போறாள், வடிவாப் பாத்துக்கொள்" என்றேன். வதனியின் கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. கூட்டுறவுச் சங்கக் கடையொன்றில் வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அவளும் தொலைக்காட்சியும்தான்.

அந்தச் சனிக்கிழமை நான் வீடியோவில் கூப்பிட்டபோது ஆரணி போனைக் குசினியில் ஒரு டின்னோடு சாத்தி வைத்துவிட்டு எங்கோ போய்விட்டாள். படத்தில் பாதிச் சுவரும் ஒரு தேங்காய்ப் பாதியும் தெரிந்தன. சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மோட்டரைப் போட்டால் நிப்பாட்டத் தெரியாதே? டாங்க் நிரம்பி வாசல் முத்தமெல்லாம் வெள்ளம். உன்ரை கொப்பரே நோர்வேயிலை இருந்து வந்து நிப்பாட்டுறது?"

"நான் நிப்பாட்டத்தான் போனனான். நீங்கள்தானே தேங்காய் துருவு எண்டு கூப்பிட்டனீங்கள்!"

"வாய்க்கு வாய் கதைக்காதை."

"நீங்கள் கத்தினால் நானும் கத்துவன், ஆசையம்மா!"

என் மகள் என்னிடம் ஒருநாளும் கத்தியதில்லை. வரி அலுவலகத்தில் இருப்பவரோடு கதைப்பது போலத்தான் என்னோடு கதைப்பாள். நன்றி அம்மா, பரவாயில்லை அம்மா, பிறகு பார்ப்போம் அம்மா. நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஆண்டாண்டாகக் குளிரில் கொண்டுபோய் இறக்கியவள் நான். அந்தத் தமிழெல்லாம் என் வீட்டில் எங்கே ஒளிந்திருந்தது? அரியாலையில் ஒரு தண்ணீர் மோட்டருக்காக அது மடை திறந்ததுபோல் வருகிறது.

பெயரையும் பாருங்கள். தாயின் தங்கையைச் சின்னம்மா என்று கூப்பிட்டால் போதும். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் செல்லம் கொடுத்து ஆசையம்மா என்றும் வைப்பார்கள். பெற்றவளுக்கு வெறும் அம்மா.

2

ஆரணியின் பாடப் புத்தகங்கள் வீட்டில் அலுமாரித் தட்டில் இருந்தன. அதில் மிகத் தடித்ததை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். அறிவு வளரட்டும் என்றல்ல. வதனியின் குணத்துக்கு ஏதாவது பெயர் கிடைக்குமா என்று பார்க்கத்தான். எனக்குத் தெரிந்த நோர்வே மொழி படுக்கைப் புண்ணுக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் போதுமானது. மனத்தைப் பற்றிய சொற்களுக்கு அகராதி தேவைப்பட்டது. ஆனாலும் பொறாமை நல்ல வாத்தியார், பக்கம் பக்கமாக ஓடியது.

மனிதர் தம்மை அளப்பது எட்டாத உயரத்தில் இருப்பவரோடு அல்ல, தம்மைப் போன்ற, பக்கத்தில் இருக்கும் ஆளோடுதான் என்று ஓர் அத்தியாயம் சொன்னது. உண்மைதான். என் அயல்வீட்டுக்காரிக்குக் கடற்கரையில் விடுமுறை வீடும் படகும் உண்டு. அதற்காக நான் ஒருநாளும் நித்திரை குழம்பியதில்லை. ஆனால் ஒரே துணி வாங்கி அம்மா எங்கள் இருவருக்கும் சட்டை தைத்தால், வதனியின் சட்டைதான் வடிவாக இருப்பதாக எனக்குத் தோன்றும். இன்றைக்கும் அந்தக் கண்தான்.

அடுத்த அத்தியாயம் இன்னும் இனித்தது. தன் மனதில் இருப்பதை ஒத்துக்கொள்ள விரும்பாத மனிதர், அதை மற்றவர் மேல் ஏற்றிவைத்துப் பார்ப்பாராம். எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. வதனிக்கு என் மேல் பொறாமை. நான் வெளிநாட்டில் இருக்கிறேன், எனக்குப் பிள்ளை இருக்கிறது, அதனால்தான் என் பிள்ளையை வளைத்துப் போடுகிறாள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கணவருக்கு இதை விளக்கிச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் இப்ப சொன்னது வதனியைப் பற்றியோ, உம்மைப் பற்றியோ?" என்றார்.

"நீங்கள் சாப்பிடுங்கோ" என்றேன்.

பிள்ளைகளின் பற்றைப் பற்றிய அத்தியாயத்தோடுதான் புத்தகத்தை மூடினேன். பிள்ளை தன் கோபத்தை எல்லாரிடமும் காட்டாதாம். எவ்வளவு கத்தினாலும் இவர் என்னை விட்டுப் போகமாட்டார் என்று எவரிடம் நிச்சயமாகத் தெரிகிறதோ, அவரிடம்தான் முழுக் கோபமும் வெளியே வருமாம். அந்த வரியை அகராதி வைத்து இன்னொரு முறை படித்தேன். அர்த்தம் மாறவில்லை.

3

அடுத்த முறை போன் எடுத்தபோது வதனி சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"என்ன அக்கா, பிள்ளை பிள்ளை எண்டு உருகிறியள்? இவள் நான் தவிட்டுக்கு வாங்கின பிள்ளையெல்லே. நீங்கள் இன்னும் திருப்பி வாங்கேல்லை, ஞாபகமிருக்கே?"

சத்தியமாக எனக்கு அது மறந்தே போயிருந்தது.

ஆரணிக்கு ஒரு வயது. சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலம். பிள்ளையைக் காட்ட ஊருக்கு வந்தோம். சாத்திரியார் சாதகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கிரகம் தாய்க்குக் கூடாது, தாயின் உயிருக்கே கண்டம், ஆருக்காவது விற்றுவிடுங்கோ என்றார். எங்கள் பக்கத்தில் இது புதினமான காரியம் இல்லை. கோயில் வாசலில் வைத்துப் பிள்ளையை ஒரு பேச்சுக்கு விற்பது. கிரகம் ஏமாந்துவிடும். கெட்ட காலம் முடிந்ததும் அதே இடத்தில் திருப்பி வாங்குவது. அம்மா உடனே வதனியைக் கூப்பிட்டார். எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த பிள்ளையார் கோயிலில், நெல்லுப் புடைக்கிற சுளகில் தவிட்டைப் பரப்பி வதனி கொண்டுவந்தாள். நான் பிள்ளையைக் கீழே இருத்தி, "தந்தேன்" என்றேன். அவள் தவிட்டை என்னிடம் தந்துவிட்டு, "வாங்கினேன்" என்று பிள்ளையைத் தூக்கினாள். ஆரணி அதற்குள் ஒரு கை தவிட்டை வாயில் போட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். இரண்டு நாளில் நாங்கள் நோர்வேக்குத் திரும்பிவிட்டோம்.

ஐந்து வயது முடியத் திருப்பி வாங்கச் சொல்லியிருந்தார் சாத்திரியார். அவளுக்கு ஐந்து வயதானபோது திரும்பவும் சண்டை, பாதை பூட்டு. பாதை திறந்தபோது சாத்திரியாரும் இல்லை, அம்மாவும் இல்லை, எங்களுக்கு நினைவும் இல்லை. வதனிக்கு மட்டும் இருந்திருக்கிறது.

மூடிய புத்தகத்தைத் திரும்பவும் திறந்தேன். ஒரு வகுப்பில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு கோப்பையைச் சும்மா கொடுத்துவிட்டு, பிறகு அதை விற்கச் சொல்வார்களாம். கோப்பை கிடைக்காதவர் கொடுக்க நினைக்கும் விலையைவிட, கையில் வைத்திருப்பவர் கேட்கும் விலை மிகவும் கூடுதலாக இருக்குமாம். தன்னுடையது என்று ஆனவுடன் பொருளுக்கு மதிப்பு ஏறிவிடுகிறது. ஒரு சுளகு தவிடு கொடுத்தவள் இத்தனை ஆண்டாக மனதுக்குள் விலையை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று எனக்கு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் வேலையிடத்தில் வாயைக் கொடுத்தேன். மதிய உணவு நேரம், எல்லாரும் பாணும் பாற்கட்டியும் தின்றுகொண்டிருக்கிறோம். மகள் அங்கே யாரோடு தங்குகிறாள் என்று ஒருத்தி அன்பாகக் கேட்டாள்.

"என் தங்கையோடு" என்றேன். "சின்ன வயதில் அவளைத் தங்கைக்கு விற்றுவிட்டோம்."

ஒருத்தி மெதுவாக, என்ன விலைக்கு என்று கேட்டாள். தவிட்டுக்கு நோர்வே மொழியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை.

"மாட்டுத் தீனிக்கு" என்றேன்.

பின்னேரம் பொறுப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கண் துடைக்கும் கடதாசிப் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார். வீட்டில் எல்லாம் நலமா என்றார். இந்த நாட்டில் பிள்ளைகளைப் பாதுகாக்கிறோம் என்று வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போகும் திணைக்களத்தின் பெயரைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்குக் கைகால் உதறும். அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அது நாக்கு நுனியில் நின்றது தெரிந்தது. மகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது என்றேன். விற்றபோது எத்தனை வயது என்றார். கிரகம், கண்டம், ஏமாற்றுவது என்று நான் விளக்கப் போக, அவர் முகம் இன்னும் கவலையாகிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு உளவியலாளரைச் சந்திக்க விருப்பமா என்று கேட்டார். வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள், அவளும் போய்விட்டாள் என்று சொல்ல வாய் வந்தது.

4

ஆறு மாதம் முடியப் போகும் நேரத்தில் ஆரணி போன் எடுத்தாள். பயிற்சி எடுத்த இடத்தில் இன்னும் ஒரு வருடம் நின்று வேலை செய்யச் சொல்லிக் கேட்கிறார்களாம். விசாவை நீட்டிக்கக் கொழும்புக்குப் போய் வந்தாளாம். ஆசையம்மாவும் வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு கூடப் போனாவாம், நாள் முழுக்க வரிசையில் நின்றார்களாம்.

இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நின்ற வரிசைகள் எத்தனை. வதிவிட அனுமதிக்கு ஒன்று, குடியுரிமைக்கு ஒன்று, கடவுச்சீட்டுப் படத்தில் கண்ணை மூடிவிட்டாள் என்று திருப்பி அனுப்ப இன்னொன்று. அதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. இந்த ஒரு நாள் வரிசை நினைவிருக்கும்.

"ஒரு பகிடி அம்மா" என்றாள். "அங்கை இருந்த அதிகாரி, இவ உங்கடை அம்மாவோ எண்டு கேட்டார். நான் ஓம் எண்டிட்டன்."

"ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"விளங்கப்படுத்தினால் நேரம் போகுமெல்லே."

இவ்வளவையும் தமிழில்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டு நேரே கணினியில் போய்ப் பயணச்சீட்டுப் பார்த்தேன். கணவர் ஏன் இந்த அவசரம் என்றார். பிள்ளைக்குக் கலியாண வயது, அதற்கு முதல் திருப்பி வாங்காவிட்டால் தோஷம் என்றேன். சாத்திரத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது என்பது அவருக்குத் தெரியும். தன் பெட்டியையும் எனக்கு எடுத்துத் தந்தார்.

5

யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் இருவரும் நின்றார்கள். ஆரணி கறுத்து, கொஞ்சம் தடித்து, காதில் வதனியின் தோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். நோர்வே வழக்கப்படி என்னைக் கட்டிப்பிடித்து, "பிரயாணம் எப்பிடி அம்மா?" என்று கேட்டாள். நல்லது என்றேன். அதற்கு மேல் இருவருக்கும் கதை வரவில்லை. பெட்டியை எந்தக் கையால் தூக்குவது என்று வதனியும் அவளும் அங்கேயே பிடுங்குப்பட்டார்கள்.

வீட்டில் நான் விருந்தாளி. எனக்குப் புதுச் சவர்க்காரம், பெட்டியில் மடித்து வைத்திருந்த துவாய், கரையில் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி. அவர்கள் இருவரும் கைபிடி உடைந்த கோப்பைகளில் குடித்தார்கள். நான் கறி அரிய வந்தால், "நீங்கள் இருங்கோ அக்கா, களைச்சுப்போய் வந்திருக்கிறியள்" என்று வதனி கத்தியை வாங்கிவிடுவாள். உள்ளே அவர்கள் கதைத்துச் சிரிப்பது கேட்கும். நான் விறாந்தைக் கதிரையில் இருந்து கடனீரேரிப் பக்கமிருந்து வரும் காற்றை வாங்கிக்கொண்டிருப்பேன். நல்ல காற்றுத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். ஐயரோடு கதைத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை கோயிலில் திருப்பி வாங்குவோம் என்றேன். வதனி கையைச் சோற்றில் வைத்தபடியே இருந்தாள். ஆரணிதான் வெடித்தாள்.

"உங்களுக்கு விசரே அம்மா? நான் என்ன ஆடோ மாடோ? விக்கேக்கையும் என்னைக் கேக்கேல்லை, வாங்கேக்கையும் கேக்கிறியள் இல்லை! எனக்கு இருவத்துமூண்டு வயசு!"

தொண்டை கிழியக் கத்தினாள். முழுக்க முழுக்கத் தமிழில், என்னைப் பார்த்து. எனக்குத் திட்டு விழுகிறது என்பதே மறந்துபோய் உள்ளம் குளிர்ந்து இருந்தேன். இன்னும் கொஞ்சம் கத்தடி என்று மனதுக்குள் சொன்னேன்.

ஆனால் அவள் மூச்சு வாங்கிவிட்டு, நாற்காலியை இழுத்து இருந்து, "சொறி அம்மா" என்றாள். "அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது."

மோட்டர் விஷயத்தில் வதனியிடம் அவள் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. கத்தியது கத்தியதாகவே கிடந்திருக்கும், அடுத்த வேளை இருவரும் சேர்ந்து தின்றிருப்பார்கள். என் பங்குக்கு வந்த கத்தலும் மன்னிப்போடு திரும்பப் போய்விட்டது.

"இருக்கட்டும் அக்கா" என்றாள் வதனி தலை நிமிராமல். "முறை எண்டால் முறைதானே. செய்வம்."

பிறகு ஆரணியும் சரி என்றாள். பயிற்சி முடிய எழுத வேண்டிய ஆய்வுக்கு உதவும், எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம் என்றாள்.

6

வெள்ளிக்கிழமை காலை. கோயிலில் கூட்டமில்லை. தவிடு இப்போது லேசில் கிடைப்பதில்லை. மாடு வளர்க்கிற வீடொன்றில் கேட்டு வாங்கி நானே சுளகில் பரப்பிக் கொண்டுபோனேன். ஆரணி பிள்ளையாருக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தாள். சேலை உடுத்தியிருந்தாள். உடுத்திவிட்டது வதனி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, வதனியைப் பார்த்தார். "பிள்ளையை வைச்சிருக்கிற ஆள் 'தந்தேன்' எண்டு சொல்லுங்கோ. பேந்து தாய் தவிட்டைக் குடுத்திட்டு 'வாங்கினேன்' எண்டு சொல்லட்டும்."

வதனி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

தொண்டையைச் செருமினாள். உதடு அசைந்தது. ஆரணி முதலில் சிரித்தாள், பிறகு வதனியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். எழும்பி வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை ஆசையம்மா, சும்மா ஒரு பேச்சுக்குத்தானே" என்றாள். அதைக் கேட்டதும் வதனிக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான் சுளகோடு நின்றேன். அதே இடம், அதே தூண். அன்றைக்கு நான் "தந்தேன்" என்று சொன்னபோது எனக்கு ஒரு மூச்சுக்கூடத் தடங்கவில்லை. பெட்டி கட்ட வேண்டும், சாமான் வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே சொன்ன சொல். என் பிள்ளை என்னுடையது என்ற நிச்சயம், அவ்வளவுதான். வதனிக்கு அந்த நிச்சயம் ஒருநாளும் இருந்ததில்லை. அதனால்தான் அந்தச் சொல் அவளுடைய தொண்டையில் நிற்கிறது. அவளிடம் என் மகள் இருப்பதைப் பார்த்து வந்த பொறாமையைவிட, அந்தச் சொல்லைச் சொல்ல முடியாமல் அவள் நின்றதைப் பார்த்து வந்த பொறாமை பெரிது. அதற்குப் புத்தகத்தில் ஏதாவது பெயர் இருக்கலாம். நான் தேடவில்லை.

"ஐயா, மழை வரும் போலக் கிடக்கு" என்றேன். "இன்னொரு நாள் பாப்பம்."

வானத்தில் ஒரு முகிலும் இல்லை. ஐயர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கற்பூரத்தைக் கொளுத்தினார். தவிட்டைக் கோயில் பசுவுக்கு வைத்துவிட்டு மூவரும் வீட்டுக்கு நடந்தோம்.

7

ஆரணி அந்த ஒரு வருடமும் நிற்பது என்று முடிவாயிற்று. நான் மறிக்கவில்லை. புறப்படுகிற அன்று மத்தியானம் கொழும்பு வான் வாசல் படலையடியில் வந்து நின்றது. ஆரணி என் பெட்டிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அதை இப்படி வைக்கக் கூடாது என்று சாரதியோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே ஏறி இருந்தேன். வதனி யன்னலடிக்கு வந்து அதன் விளிம்பைப் பிடித்தாள். அவள் கண்கள் பின்பக்கம் நின்ற ஆரணியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தன.

"அக்கா" என்றாள். தாழ்ந்த குரல். "தந்திட்டன். வருசம் முடிய நானே கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வந்து ஏத்தி விடுறன்."

ஐயர் இல்லை, பிள்ளையார் இல்லை, தவிடு இல்லை. அவள் சொல்லிவிட்டாள். நான் "வாங்கினேன்" என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது, அதற்காகத்தான் விமானம் ஏறி வந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். கொடுப்பதிலும் என்னை முந்தப் பார்க்கிறாளே என்று ஒரு பக்கம் எரிந்தது. நான் வாங்கிவிட்டால் பின்னேரம் வேலையால் வந்து இவள் யாரோடு சண்டை பிடிப்பாள் என்று மறுபக்கம் கிடந்து அடித்தது.

சாரதி எஞ்சினை முடுக்கினான்.

"என்னடி சொன்னனி?" என்றேன். "உந்தச் சத்தத்துக்கை ஒண்டும் கேக்கேல்லை."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பச் சொல்லவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது.